தன்முளைப் பதிவேடு

ஏரிவாக்கம் நகராட்சிப் பூங்காவில் இருந்த அருகம்புல்லை யாரும் விதைத்ததில்லை. அது பாட்டுக்கு வந்தது, அது பாட்டுக்குப் படர்ந்தது, கோடையில் செத்த மாதிரி கிடந்தது, ஒரு மழை விழுந்ததும் எழுந்துகொண்டது. ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் பஸ்ஸை விட்டு இறங்கி ஏரிப் பக்கமாகப் பத்து நிமிஷம் நடந்தால் அந்தப் பூங்கா வரும். இரண்டு ஊஞ்சல், அதில் ஒன்றுக்குப் பலகை கிடையாது. ஐந்து சிமெண்டு பெஞ்சு. மிச்ச இடமெல்லாம் புல்தான். மத்தியானத்தில் ஆட்டோக்காரர்கள் சட்டையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு அதில் கண் அசருவார்கள். சாயங்காலம் வேலை விட்டு வரும் பெண்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு குறுக்கே நடந்து போவார்கள். அதற்கெல்லாம் அனுமதி வேண்டும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

அந்தப் பூங்காவைப் பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டவள் அங்காளம்மாள். காலை ஏழு மணிக்குக் கேட்டைத் திறப்பாள், பெருக்குவாள், செம்பருத்திக்கும் அரளிக்கும் தண்ணீர் விடுவாள், இருட்டினதும் பூட்டுவாள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மண்ணிலிருந்து இரண்டு இலை எட்டிப் பார்த்தாலே அது இன்ன செடி, இத்தனை நாளில் பூக்கும் என்று சொல்லிவிடுவாள். பூங்காவின் பின்பக்க வேலியை ஒட்டிய சந்தில்தான் வீடு. புருஷன் மாணிக்கவேல் தோல் பதனிடும் ஷெட்டில் இருபது வருஷம் சுண்ணாம்புத் தொட்டியிலும் சாயத் தொட்டியிலும் நின்றவன். ஷெட்டை மூடியபோது மற்றவர்கள் வெறும் கையோடு போனார்கள். அவன் இழுப்போடு வந்தான். பனிக்காலத்தில் மூச்சு விடுவதே அவனுக்கு முழுநேர வேலை.

நகராட்சியில் பத்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவர்களை நிரந்தரமாக்கப் பட்டியல் தயாராகிறது என்று பூங்கா மேற்பார்வையாளர் ஜீவானந்தம் சொல்லியிருந்தார். நிரந்தரமானால் மருத்துவ அட்டை வரும், புருஷனுக்கும் சேர்த்து. அந்த அட்டையை அங்காளம்மாள் பார்த்ததில்லை. கெட்டியாக இருக்குமா, மெல்லிசாக இருக்குமா என்று ஒருமுறை ஜீவானந்தத்திடம் கேட்டிருக்கிறாள்.

இப்படி இருக்கையில், 2007ஆம் வருஷத் தொடக்கத்தில் நகராட்சித் தலைவர் ஜெயக்கொடி சிங்கப்பூர் போய் வந்தார். கழிவுநீர் மேலாண்மையைப் படிப்பதற்காக அனுப்பப்பட்டவர், அங்கே புல்லைப் பார்த்துவிட்டார். எல்லாப் புல்லும் ஒரே உயரம், ஒரே பச்சை. திரும்பி வந்தவருக்கு ஏரிவாக்கத்துப் புல்லைப் பார்க்கவே அவமானமாக இருந்தது. அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேறியது. பூங்காவில் தானாக முளைத்தவை யாவும் அகற்றப்பட்டு, முறையாக விதைக்கப்பட்ட ‘பெர்முடா’ என்னும் வெளிநாட்டுப் புல்வெளி உருவாக்கப்படும். பூங்காவுக்குப் பூட்டு விழுந்தது. ஆட்டோக்காரர்கள் ஆட்டோவிலேயே காலை மடக்கிக்கொண்டு தூங்கக் கற்றுக்கொண்டார்கள்.

பூங்கா அலுவலராகப் பட்டாபிராமன் என்பவர் வந்து சேர்ந்தார். அதுவரை பாதாளச் சாக்கடைப் பிரிவில் இருந்தவர். செடி பற்றித் தனக்கு எதுவும் தெரியாது என்பதை அவர் ஒரு தகுதியாகவே சொல்லிக்கொண்டார். தெரிந்தவர்களுக்குப் பாரபட்சம் வந்துவிடுமாம். சாக்கடையிலும் இப்படித்தான், அழைக்காமல் வருவதை அடைப்பு என்றுதான் சொல்வோம் என்றார். எதையும் பிடுங்குவதற்கு முன் கணக்கெடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டு, அதற்காகத் ‘தன்முளைப் பதிவேடு’ என்ற நீளமான ஒரு நோட்டையும் கொடுத்தார். செடியின் பெயர், எண்ணிக்கை, முளைத்த தேதி, விதைத்தவர் பெயர், விதைத்தவர் முகவரி. எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. புதிதாக ஒன்று தானாக முளைத்தால் அன்றைக்கே தகவல் தர வேண்டும். தராவிட்டால் ஒழுங்கு நடவடிக்கை.

அங்காளம்மாள் குனிந்து எண்ணிச் சொல்ல, ஜீவானந்தம் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். தும்பை முந்நூற்று நாற்பது. குப்பைமேனி இருநூற்றுப் பதினொன்று. மூக்கிரட்டை, சாரணை, நெருஞ்சி. வேலி ஓரம் ஒரு வேப்பங்கன்று.

“விதைச்சது யாரு?” என்று கேட்டார் ஜீவானந்தம்.

“தும்பைக்கு எறும்பு சார். நெருஞ்சி ஆட்டுக் காலுல ஒட்டிகினு வந்துது. வேப்பங்கன்னு காக்கா போட்டது. மத்ததெல்லாம் காத்து.”

ஜீவானந்தம் அப்படியே எழுதினார். நல்ல மனிதர், ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது, அந்த இரண்டு வருஷத்தையும் எதற்கும் எதிர்ப்புச் சொல்லாமல் கழித்துவிட வேண்டும் என்பதே அவருடைய ஒரே லட்சியம். முகவரிக் கட்டத்தில்தான் திணறினார். காற்றுக்கு எங்கே போவது? கடைசியில் ‘வங்காள விரிகுடா, கிழக்கு’ என்று எழுதினார். பட்டாபிராமன் அதைப் பார்த்து, கிழக்கா தென்கிழக்கா என்று சந்தேகம் கேட்டுத் திருப்பி அனுப்பினார். எறும்புக்கு நிரந்தர முகவரி வேறு, தற்காலிக முகவரி வேறு என்று ஒரு குறிப்பும் போட்டிருந்தார்.

அருகம்புல்லை எண்ண முடியவில்லை. ஒரு கொடியை இழுத்தால் அது பத்தடி தள்ளி இன்னொரு கொடியாக இருந்தது. எத்தனை என்ற கட்டத்தில் ‘ஒன்று’ என்றே போடலாம் என்றாள் அங்காளம்மாள். அப்படியே போட்டார்கள்.

அந்த ஒன்றைப் பிடுங்க நாற்பது நாள் ஆனது. பங்குனி வெயிலில் மண்வெட்டியால் ஒரு முழ ஆழம் கொத்தி, வெள்ளை வேரைத் தேடித் தேடி எடுத்தாள். உள்ளங்கையில் கொப்புளம் வந்து, உடைந்து, காய்த்துப் போனது. ஒரு துண்டு வேர் தங்கினாலும் அது திரும்பி வரும் என்று அவளுக்குத் தெரியும். வந்தால் பழி தன் மேல்தான் என்றும் தெரியும். அதனால் மண்ணைச் சல்லடையில் சலித்தாள். மாணிக்கவேல் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, அரிசி புடைக்கிற மாதிரி மண்ணைப் புடைக்கிறாயே என்றான். அவள் நிமிரவில்லை. பட்டியல் இந்த மாதம் மேலே போகிறது என்று ஜீவானந்தம் சொல்லியிருந்தார்.

விதை தகர டப்பாக்களில் வந்தது. பந்தல் போட்டு, மைக் வைத்து, விதைப்பு விழா நடந்தது. தலைவர் ஜெயக்கொடி ஒரு பிடி விதையைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

“தானா முளைச்சதுக்கு என்னங்க மரியாதை இருக்கு? யார் பேரைச் சொல்லி அது நிக்கும்? என்னையே எடுத்துக்குங்க. நான் தானா முளைச்சவன் இல்லை. மேல இருக்கிறவங்க விதைச்சாங்க, நான் முளைச்சேன். பிடுங்கணும்னு அவங்க நினைச்சா ஒரு நிமிஷம். அதுக்குப் பேருதான் கட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாடு இந்தப் புல்லுக்கும் வரணும்.”

கை தட்டினார்கள். சித்திரை கடைசி, கத்திரி வெயில். இப்போது விதைத்தால் கருகிவிடும், ஆடி பிறக்கட்டும் என்று சொல்ல அங்காளம்மாள் வாயெடுத்தாள். விழாத் தேதி அழைப்பிதழில் அச்சாகிவிட்டது என்று ஜீவானந்தம் கண்ணாலேயே அடக்கினார்.

முதல் விதைப்பைப் புறாக்கள் தின்றன. மிச்சத்தை எறும்பு இழுத்துக்கொண்டு போனது. ஆனியில் மறுவிதைப்பு, அதற்கும் பந்தல், அதற்கும் பேச்சு. மறுநாள் இரவு கொட்டிய மழையில் விதை மொத்தமும் அடித்துக்கொண்டு ஏரிக்குப் போனது. இரண்டு முறையும் பட்டாபிராமன் அங்காளம்மாளிடம் விளக்கம் கேட்டார். புறாக்களை ஏன் முன்கூட்டியே எச்சரிக்கவில்லை என்பது முதல் கேள்வி.

ஆவணியில் மூன்றாம் விதைப்பு. இந்த முறை விழா இல்லை, தலைவருக்கு அலுத்துவிட்டது. அங்காளம்மாளே தனியாக விதைத்தாள். மேலே மண்ணைத் தூவி, வைக்கோல் பரப்பி மூடினாள். மோட்டார் ரிப்பேர் என்பதால் குடம் குடமாகத் தூக்கி, பூவாளியில் காலையும் மாலையும் தெளித்தாள். எட்டாம் நாள் வைக்கோலுக்கடியில் பச்சை தெரிந்தது. பதினைந்தாம் நாள் வைக்கோலை எடுத்தாள். மூன்று வாரத்தில் பூங்கா முழுக்க இளம்பச்சைப் பாய் விரித்த மாதிரி இருந்தது. பெற்ற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு உட்கார்ந்து ஒரு கொடியைத் தடவினாள். கணு, கணுவில் வேர், விரல் மாதிரி விரிந்த பூங்கதிர். இன்னொன்றைத் தடவினாள். ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டு மென்றாள். அதே பழைய ருசி.

அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. தான் சரியாகப் பிடுங்காததால் பழைய புல் திரும்பி வந்துவிட்டது, வெளிநாட்டு விதை மூன்றாம் முறையும் போயிற்று என்றே நினைத்தாள். சும்மா இருந்துவிடு, எவனுக்குத் தெரியப்போகிறது என்றான் மாணிக்கவேல். ஆனால் தானாக முளைத்ததை அன்றைக்கே சொல்லாவிட்டால் நடவடிக்கை என்று உத்தரவு இருக்கிறதே. பட்டியல் இன்னும் மேலே போகாமல் கிடக்கிற நேரத்தில் பொய் சொன்னாள் என்று பேர் வரக் கூடாதே. காலையில் ஜீவானந்தத்திடம் போய் நின்றாள்.

“சார், முளைச்சிக்கிறது அருகு சார்.”

ஜீவானந்தம் பேனாவை மூடி வைத்தார். இதை நீ சொல்லியிருக்க வேண்டாம் என்றார். சொன்ன பிறகு எழுதாமல் இருக்க அவருக்குத் துணிச்சல் இல்லை. எழுதினார்.

மூன்று நாளில் குறிப்பாணை வந்தது. வெளிநாட்டு விதை விதைக்கப்பட்ட இடத்தில் உள்ளூர்ப் புல் முளைத்திருப்பதால், விதையை என்ன செய்தாய் என்பதற்கு ஏழு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். அவளுக்கு அதைப் படித்துக் காட்டியவரும் ஜீவானந்தம்தான். அவள் சொன்ன பதிலை எழுதியவரும் அவர்தான். ‘மண்ணில் போட்டேன்’ என்பதுதான் முழுப் பதில்.

விசாரணைக் குழு அமைந்தது. பட்டாபிராமன் தலைமை. முளைத்திருப்பது பெர்முடாவா அருகா என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். நிபுணரை அழைக்கலாம் என்றதற்கு, மக்களின் நடைமுறை அறிவுக்கே முன்னுரிமை என்று பிள்ளையார் கோயில் குருக்களை வரவழைத்தார்கள். வேலிக்கு வெளியே பிடுங்கிய புல் ஒரு கட்டு, உள்ளே பிடுங்கியது ஒரு கட்டு. இதில் எதைச் சுவாமி ஏற்பார் என்று கேட்டார்கள். குருக்கள் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பிள்ளையார் பில் பார்த்து வாங்குகிறவர் இல்லை, பச்சையாக இருந்தால் சரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்ததாகச் சிட்லபாக்கத்தில் பால் கறந்து விற்கும் செல்வம்மாளின் பசுவைக் கொண்டுவந்தார்கள். உள்ளூர்ப் பசு உள்ளூர்ப் புல்லைத்தான் தின்னும் என்பது குழுவின் கருத்து. பசு இரண்டு கட்டையும் தின்றது. பிறகு கழுத்தை நீட்டி, மேஜைமேல் இருந்த கோப்பின் ஓரத்தையும் கடித்தது. ‘பசு நடுநிலை வகித்தது’ என்று குழு பதிவு செய்தது. செல்வம்மாளிடம் பசுவின் சார்பில் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள்.

வேறு வழியில்லாமல் எட்மண்ட் என்ற தாவரவியல் பேராசிரியருக்கு இரண்டு புல்லையும் அனுப்பினார்கள். அவர் பதில் எழுத ஒரு நாள்கூட எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டும் ஒரே செடி. நாம் அருகு என்கிறோம், விதைக் கம்பெனிக்காரர்கள் பெர்முடா என்கிறார்கள். நகராட்சி பிடுங்கிய புல்லும் விதைத்த புல்லும் ஒன்றேதான். இத்தனை நல்ல அருகம்புல் இருந்த இடத்தில் எதற்காக விதைத்தீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆவலாக இருப்பதாகவும் வெள்ளைமனதோடு கேட்டிருந்தார்.

விஷயம் அங்காளம்மாளுக்கு ஜீவானந்தம் மூலமாகத் தெரிந்தபோது அவள் வீட்டு வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. தன் மேல் தப்பில்லை, விதை முளைத்துத்தான் இருக்கிறது, போட்டது போட்டபடி வந்திருக்கிறது. மாணிக்கவேலிடம் சொன்னாள். அவன் இருமிக்கொண்டே சிரித்தான். அப்படியென்றால் நாற்பது நாள் நீ பிடுங்கியது எதற்கு என்று கேட்டான். அந்தக் கேள்வி அதுவரை அவளுக்குத் தோன்றவில்லை.

பட்டாபிராமனுக்கு அது முதலிலேயே தோன்றிவிட்டது. விசாரணையின் கடைசி நாளில், பேராசிரியரின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அங்காளம்மாள் எதிரே நிற்க, அவர் நிதானமாகப் பேசினார்.

“பேராசிரியர் சொல்றது அறிவியல்படி சரியா இருக்கலாம். நான் மறுக்கலை. ஆனா அது தீர்மானத்துக்கு முரணா இருக்கு. ரெண்டும் ஒண்ணுன்னா, பிடுங்கினவன் முட்டாளா, விதைச்சவன் முட்டாளான்னு ஒரு கேள்வி வரும். ரெண்டு உத்தரவுலயும் கையெழுத்து என்னுது. ஒரு ஆபீஸ் தன்னைத்தானே கேள்வி கேட்டுக்க ஆரம்பிச்சா நிர்வாகம் எப்படிம்மா நடக்கும்? அதனால உண்மையைக் கொஞ்சம் தள்ளி வெச்சிட்டு, நடைமுறையைப் பார்ப்போம்.”

நடைமுறை அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக வந்தது. வேலிக்கு உள்ளே இருப்பது பெர்முடா. வெளியே இருப்பது அருகு. வேலிக்கு அடியில் நுழைந்து வெளியேறும் கொடி, வேலியைத் தாண்டும் இடத்திலிருந்து அருகாகக் கருதப்படும். உள்ளே திரும்பி வந்தால் மனு செய்ய வேண்டும். நகராட்சி எல்லைக்குள் பணியாளர்கள் அந்தப் பழைய சொல்லைப் பயன்படுத்துவது தவிர்க்கப்பட வேண்டும். அந்த வாரம் கேம்ப் ரோடு கல்யாண மண்டபத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன தலைவர், ஆல்போல் தழைத்து பெர்முடாபோல் வேரோடி நீடூழி வாழ்க என்று வாழ்த்தினார். மாப்பிள்ளை வீட்டார் அது ஏதோ புது ஆசீர்வாதம் என்று நினைத்துக் கும்பிட்டார்கள்.

புல்லுக்கு இப்படி விடிவு பிறந்தது. அங்காளம்மாளுக்குப் பிறக்கவில்லை. முளைத்தது பெர்முடா என்றால், அதை அருகு என்று புகார் சொன்னது துறைக்கு எதிரான அவதூறு. தண்டனை கொடுத்தே தீர வேண்டும். தண்டனையைப் பணிப்பதிவேட்டில் எழுத வேண்டும். அதைத் தேடிப் போனபோதுதான் அந்த ஓட்டை வெளிப்பட்டது. அவளுக்குப் பணிப்பதிவேடு இல்லை. நியமன உத்தரவும் இல்லை. 1996இல் பழைய தோட்டக்காரர் காமாலையில் படுத்தபோது, பத்து நாள் பார்த்துக்கொள் என்று அப்போதைய மேற்பார்வையாளர் வாய்மொழியாகச் சொன்னார். தோட்டக்காரர் எழுந்திருக்கவில்லை. அவள் இருந்துவிட்டாள். கூலி பூங்காப் பராமரிப்புச் செலவில் போய்க்கொண்டிருந்தது. அலுவலகம் முழுக்கத் தேடியதில் ஒரே ஒரு காகிதம் கிடைத்தது. பூங்காவின் தளவாடப் பட்டியல். மண்வெட்டி இரண்டு, பூவாளி மூன்று, அதில் ஒன்று ஓட்டை, ஆள் ஒன்று.

பட்டாபிராமன் அந்தக் காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. பணியில் இல்லாதவர் பணியில் குற்றம் செய்திருக்க முடியாது. எனவே குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது என்று தீர்ப்பு எழுதினார். விடுதலை. பணியில் இல்லாதவரை நிரந்தரம் செய்யவும் முடியாது என்பது இரண்டாவது வரி. நாளையிலிருந்து வர வேண்டாம் என்பது எழுதப்படவில்லை. வராதவரை வர வேண்டாம் என்று எப்படி எழுதுவது?

இருந்தாலும் ஏதாவது ஒரு பதிவேட்டில் இந்த அம்மாளைக் காட்டி முடிக்க வேண்டுமே என்று அவர் யோசித்தார். ஜீவானந்தம் தலையைக் குனிந்துகொண்டு அந்த நீள நோட்டை எடுத்து நீட்டினார். அங்காளம்மாள், எண்ணிக்கை ஒன்று, முளைத்த தேதி 1996 வைகாசி.

“விதைத்தவர் யாரும்மா?” என்றார் பட்டாபிராமன்.

அங்காளம்மாள் அவரைப் பார்த்தாள். பதினோரு வருஷத்தில் அந்த ஆபீசில் அவளை உட்காரச் சொன்னவர்கள் இல்லை. அவள் அங்கிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“தெரியாது சார். நீங்களே ஒரு பேரு போட்டுக்கோங்க. எதுக்கு வோணா பேரு போடறவங்கதானே நீங்க.”

கட்டம் முதல்முறையாகக் காலியாக விடப்பட்டது.

அதற்குப் பிறகு அவள் சிட்லபாக்கத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குப் படி கழுவப் போனாள். கார்த்திகை மழை நின்று பனி விழத் தொடங்கியது. மாணிக்கவேலுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ராத்திரியெல்லாம் சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தான். வழக்கமாக வருவதுதான் என்றான். வழக்கத்தைவிட அதிகம் என்று அவளுக்குத் தெரிந்தது.

மார்கழி பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஜீவானந்தம் அவள் வீட்டைத் தேடி வந்தார். உள்ளே வர மறுத்து, வாசலிலேயே நின்று, பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு செடியை எடுத்துக் காட்டினார். காரட் இலை மாதிரி பிளவு பிளவாக, பார்க்க லட்சணமாக இருந்தது. நுனியில் கடுகு மாதிரி வெளிர்பச்சை மொட்டு. பூங்கா முழுக்க இது முளைத்திருக்கிறதாம். வெளிநாட்டு விதை டப்பாவோடு வந்த அலங்காரச் செடியாக இருக்கும், இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று பட்டாபிராமன் மகிழ்ந்து போயிருக்கிறார். பொங்கலுக்குப் பூங்கா திறப்பு விழா. அன்றைக்கு இதற்கு ‘ஜெயக்கொடி மலர்’ என்று பெயர் சூட்டித் தீர்மானம் வரப்போகிறது. எல்லாத் தெருவிலும் நடப் போகிறார்கள். ஜீவானந்தத்துக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. அதுதான் கேட்டுப் போகலாமென்று வந்தார்.

அங்காளம்மாள் செடியைக் கையில் வாங்கவில்லை.

“பார்த்தீனியம் சார் அது. ஒரு செடி பூத்தா ஆயிரமாயிரம் விதை வுடும். தொட்டா அரிக்கும், பூத்தூள் மூக்குல ஏறினா மூச்சைப் புடிக்கும். நல்லாக்கீறவனையே பேஜார் பண்ணும். என் வூட்டுக்காரரை இன்னா பண்ணும்னு நெனைச்சுப் பாருங்க. நான் இருந்த வரைக்கும் ஒண்ணைக்கூட நாலு இலைக்கு மேல வுட்டதில்ல.”

ஜீவானந்தம் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். இதை எழுத்தில் கொடுத்தால் எனக்கும் ஒரு விசாரணை வரும் அம்மா, ஓய்வுபெற இன்னும் ஒரு வருஷம்தான் இருக்கிறது என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. செடியைப் பையில் போட்டுக்கொண்டு, உள்ளே இருமல் சத்தம் வந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

அவள் வாசலிலேயே நின்றாள். வாயைத் திறந்து உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்தது ஒருமுறை போதும். ஆனால் மொட்டு விரிய எட்டு நாளோ பத்து நாளோதான். வேலி பத்தடி தூரத்தில் இருந்தது.

மறுநாள் விடிகிற நேரம், படி கழுவப் போவதற்கு முன்னால், பின்பக்க வேலியின் இரண்டு கம்பிக்கு நடுவே புகுந்து உள்ளே போனாள். பனியில் நனைந்த புல்மேல் முட்டி போட்டு, செடியைத் தூரோடு பிடித்து இழுத்தாள். கை அரித்தது. இரண்டாம் நாள் முழங்கை வரை தடித்து, சிவந்து, ராத்திரி தூங்க முடியவில்லை. மூன்றாம் நாள் மாணிக்கவேல் பரணிலிருந்து தோல் ஷெட்டு ரப்பர் கையுறையைத் தேடி எடுத்துக் கொடுத்தான். அவன் கைக்கு அளவானது. அவளுக்கு முழங்கை தாண்டித் தொளதொளத்தது. கயிற்றால் கட்டிக்கொண்டு போனாள். பிடுங்கியதைக் கோணிப்பையில் திணித்து, மத்தியானம் ஏரிக்கரையில் போட்டுக் கொளுத்தினாள். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் யார் என்று சொல்ல அவளுக்கே ஒரு சொல் இல்லை.

ஆறாம் நாள் பாதிப் பூங்கா காலியாகியிருந்தது. அன்றைக்குத்தான் அலுவலகத்துக்கு விஷயம் எட்டியது. சாயங்காலத்துக்குள் பூங்கா கேட்டில் ஒரு பலகை தொங்கியது. அங்காளம்மாள் அதைப் பார்த்தாள், படிக்கத் தெரியாது. வீட்டுக்குப் போய் மாணிக்கவேலைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவன் மூக்கில் துண்டைப் பொத்திக்கொண்டு, நடுவில் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கி, கேட்டு வரைக்கும் நடந்து வந்து படித்தான்.

“இந்தப் பூங்காவில் உள்ள நகராட்சிக்குச் சொந்தமான செடிகளைப் பிடுங்குவோர் மீது காவல் துறை மூலம் நடவடிக்கை எடுக்கப்படும்னு போட்டுக்கீது.”

“எந்தச் செடின்னு பேரு போட்டுக்கிறாங்களா?”

அவன் மறுபடியும் மேலிருந்து கீழ் வரை படித்தான்.

“பேரு இல்ல.”

அங்காளம்மாள் கம்பி வழியாக உள்ளே பார்த்தாள். மிச்சமிருந்த பாதியில் மொட்டுகள் வெளுக்கத் தொடங்கியிருந்தன. பொங்கலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. செடிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

“அப்ப இன்னும் பேரு வெக்கல,” என்றாள். “வெக்கறதுக்குள்ள முடிச்சுடணும்.”

இடுப்பில் செருகியிருந்த கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, அதைக் கட்டுகிற கயிற்றை அவனிடம் நீட்டினாள். அவன் துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, அவள் முழங்கைக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டான்.